கேஷுவாலிட்டில இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது "காரணம் தெரியல"ன்னு எப்படிச் சொல்றீங்க?

நைட்ட்யூட்டி:

மதுரை–தேனி ரோட்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில கேஷுவாலிட்டி ட்யூட்டி டாக்டரா இருக்கேன். பெரும்பாலும் நைட்தான். நான், ரெண்டு சிஸ்டர், ஒரு லேப் டெக்னீஷியன். ஃபிசிஷியன் சார் ஃபோன்ல கிடைப்பார்.

சமீபத்துல வந்த ஒருத்தர் விஷயத்தைச் சொல்லிட்டு கேள்விக்கு வர்றேன் (ஆள் அடையாளம் தெரியாம விவரத்தைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன்). ஐம்பதைத் தாண்டின ஆட்டு வியாபாரி. சுகர் இருக்கு, பீடிப் பழக்கம் இருக்கு. சந்தை முடிச்சு வந்து சாப்பிட்டுப் படுத்தவருக்கு நெஞ்சுக்கு நடுவுல ஒரு அழுத்தம். கை, தாடைன்னு எங்கயும் பரவல, வேர்க்கவும் இல்ல. வந்த உடனே இசிஜி எடுத்தோம், நார்மல். ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டிருந்தா காட்டற ரத்த டெஸ்ட்) நெகட்டிவ். மூணு மணி நேரம் கழிச்சு ரெண்டையும் திரும்பப் பாத்தோம், அப்பவும் அதேதான். எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. அதுக்குள்ள வலியும் அடங்கிடுச்சு. சார்கிட்ட பேசினேன். அனுப்பலாம், ரெண்டு மூணு நாள்ல கார்டியாலஜி ஓபி பாக்கச் சொல்லுன்னார்.

பில் கட்டிட்டு வந்து கவுன்டர்கிட்ட நின்னாங்க. நான் சொன்னது இவ்வளவுதான்: "இசிஜி, ரத்தம் எல்லாம் நல்லா இருக்குங்க. ஆனா வலி எதனால வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியல." அவரோட மச்சினன் எகிறிட்டார். "நாலாயிரத்துச் சொச்சம் வாங்கிட்டு தெரியலங்கிறீங்க, தெரிஞ்ச டாக்டர் யாரும் இல்லையா இங்க?" சத்தம் கேட்டு நைட் மேனேஜர் வந்தார். என்னை ஓரமா கூப்பிட்டு, "மேடம், கேஸ்ட்ரைட்டிஸ்னு (இரைப்பைப் புண்) எழுதிக் குடுத்துடுங்க, எல்லாரும் அதான் பண்றாங்க"ன்னார்.

நான் அப்படி எழுதல. நெஞ்சு வலின்னு மட்டும் எழுதி, கார்டியாலஜிக்கு லெட்டர் குடுத்து அனுப்பினேன். அவர் மறுபடி போய்க் காட்டினாரான்னு தெரியாது. மச்சினன் மூஞ்சியைப் பாத்தா காட்டியிருக்க மாட்டார்னுதான் தோணுது.

நீங்கல்லாம் இதை எப்படிச் சொல்றீங்க? எந்த நேரத்துல, யார்கிட்ட? அஞ்சரை வருஷப் படிப்புல நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. கண்டுபிடிக்க முடியாதப்போ என்ன பேசறதுன்னு எந்த போஸ்டிங்லயும் யாரும் சொல்லித் தரல.

ஆர்த்தோ_பிஜி:

பிராக்டிகலா சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கேஸ், அதான் வாயுத் தொல்லைன்னே சொல்லி அனுப்புங்க. ரெண்டு ட்ரோப் நெகட்டிவ், ரெண்டு இசிஜி நார்மல். இதுக்கு மேல என்ன வேணும்? நம்ம ஊர்ல "தெரியல"ன்னு சொன்ன அடுத்த நிமிஷம் வண்டி பிடிச்சு வேற ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. அங்க ஐசியூல ரெண்டு நாள், ஒரு ஆஞ்சியோ. அந்த மனுஷன் நாலு ஆட்டை வித்து பில் கட்டுவார். ஒரு பேர் குடுத்தா நிம்மதியா தூங்கப் போவார். நைட் மேனேஜர் சொன்னதுல எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு பேர் சூழ்ந்து நிக்கும்போது தத்துவம் பேச முடியாது. எனக்கு சட்டையைப் பிடிச்ச அனுபவமே இருக்கு.

வார்டு_சிஸ்டர்:

டாக்டர் மேடம், நீங்க சொல்றது ஒரு பாதிதான். மீதிப் பாதி எங்க கையில இருக்கு. நீங்க சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுவீங்க. கையில குத்தியிருக்கற வென்ஃப்ளான் ஊசிக்குழாயை எடுக்க நாங்கதான் போவோம். பிளாஸ்திரியைப் பிரிச்சு, பஞ்சை வச்சு, "நல்லா அழுத்திப் பிடிச்சுக்கங்கண்ணே"ன்னு சொல்ற அந்த ரெண்டு நிமிஷத்துலதான் அவங்க உண்மையான கேள்வியைக் கேப்பாங்க. "ஏம்மா, டாக்டரம்மா ஏதோ சொன்னாங்களே, பயப்படற மாதிரியா?" உங்ககிட்ட கேக்க மாட்டாங்க.

அப்போ எங்கள்ல பாதிப் பேரு என்ன சொல்வோம் தெரியுமா? "ஒண்ணுமில்லண்ணே, கேஸ்தான், பயப்படாம போங்க." நல்ல மனசுலதான் சொல்றோம். ஆனா நீங்க பத்து நிமிஷம் கஷ்டப்பட்டுச் சொன்னது அதோட காலி. கேட்ல செக்யூரிட்டி அண்ணன்கிட்ட கேட்டா அவரும் அதையேதான் சொல்வாரு. அதனால எங்க வார்டுல நான் புதுசா வர்ற பொண்ணுங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்: டாக்டர் பேசும்போது பக்கத்துல நில்லு, என்ன சொன்னாங்களோ அதையே சொல்லு, சொந்தமா ஆறுதல் சேக்காத.

இன்னொண்ணு. "புரிஞ்சுதா?"ன்னு கேக்காதீங்க மேடம். எல்லாரும் தலையாட்டுவாங்க. நான் இப்படித்தான் கேப்பேன்: "வீட்டுக்குப் போனதும் அக்கா கேப்பாங்கல்ல, ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்கன்னு? என்ன சொல்வீங்க?" ஒரு தடவை ஒரு பெரியவர் சொன்னாரு பாருங்க: "ஹார்ட்டு வீக்கா இருக்காம், மிஷின்ல இன்னும் தெரியலயாம்." டாக்டர் சொன்னது அதுக்கு நேர் எதிர்! மறுபடி டாக்டரைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேச வச்சோம். கேக்காம விட்டிருந்தா அவரு வீட்ல படுத்த படுக்கையா கிடந்திருப்பாரு, மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட எந்திரிச்சிருக்க மாட்டாரு.

அப்புறம் சீட்டு. இங்கிலீஷ்ல எழுதி, மருந்து பில்லோட சேத்து ஸ்டேப்ளர் அடிச்சுக் குடுக்கறோம். அதை யாரு படிக்கிறா? பின்பக்கம் வெத்தாதானே இருக்கு, அதுல கொட்டை எழுத்துல தமிழ்ல நாலு வரி எழுதிக் குடுங்க.

பழைய_சிஎம்ஓ:

சிஸ்டர் சொன்னதை முதலில் ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். நான் எழுதப் போவதில் பாதி அதில் இருக்கிறது.

நான் கேஷுவாலிட்டிக்கு வந்த காலத்தில் அது ஒரு துறையே இல்லை. அவசர மருத்துவத்தை இந்தியாவில் தனித்துறையாக மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டதே 2009-ல்தான். அதற்கு முன் யாருக்கு ட்யூட்டி விழுகிறதோ அவர் பார்ப்பார். ஆர்த்தோ தம்பி சொல்வது போலத்தான் நாங்களும் கேட்டு வளர்ந்தோம். அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. அதிகாலையில் கவுன்டர் முன் நின்று "காரணம் தெரியவில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் எந்த மச்சினனும் எகிறத்தான் செய்வான். ஆனால் அதற்கு மருந்து பொய்ப் பெயர் இல்லை.

கேஸ் என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்? அடுத்த மாதம் இதே அழுத்தம், இந்த முறை வேர்வையோடு வருகிறது. மனுஷன் என்ன செய்வார்? "போன தடவையே கேஸ்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று ஒரு சோடா, ஒரு ஜெலுசில், கொஞ்சம் ஓமத் தண்ணீர், விடியட்டும் என்று ஒரு காத்திருப்பு. மாரடைப்பில் அந்த நாலைந்து மணி நேரம்தான் இதயத் தசை. அது மட்டுமல்ல, அடுத்து பார்க்கிற டாக்டரும் பழைய சீட்டைப் பார்த்து "ஏற்கெனவே கேஸ்ட்ரைட்டிஸ் உள்ளவர்" என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு விஷயம் அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்: பான்டாப் ஊசியிலோ ஆன்டாசிடிலோ (இரண்டும் வயிற்று அமிலத்துக்கான மருந்து) வலி குறைந்தது என்பதால் அது இதய வலி இல்லை என்று ஆகாது. இதை வைத்து முடிவெடுத்து அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் சொன்ன வாக்கியத்தில் பொய் இல்லையம்மா. ஆனால் நேரம் தவறிவிட்டது. முதல் ரத்தம் எடுக்கும்போதே சொல்ல வேண்டிய விஷயத்தை பில் கட்டிய பிறகு சொன்னால், அவர்கள் காதில் அது கைவிரிப்பாகத்தான் விழும். நான் வென்ஃப்ளான் போடும்போதே சொல்லிவிடுவேன். "ஐயா, நெஞ்சு வலின்னு வந்தா நாங்க முதல்ல பாக்கறது மாரடைப்பா, பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கா, நுரையீரல்ல ரத்தக்கட்டி போயிருக்கா, காத்து கோத்திருக்கா, இந்த மாதிரி உடனே ஆளைச் சாய்க்கிற விஷயங்களை. அதுல ஒண்ணும் இல்லைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவோம். ஆனா வலிக்கு என்ன காரணம்னு இன்னிக்கு ராத்திரியே கண்டுபிடிச்சிடுவோம்னு சொல்ல மாட்டேன். நிறைய பேருக்கு அது பின்னாடி ஓபில பாத்துத்தான் தெரியும்." இப்படிச் சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் கழித்து "நான் சொன்ன அந்த ஆபத்தான விஷயம் எதுக்கும் அறிகுறி இல்லீங்க" என்று வந்தால், அது நல்ல செய்தி. அதே தகவல்தான், ஆனால் இந்த முறை மச்சினன் கை கூப்புவான்.

"மாரடைப்பு" என்ற வார்த்தையை நீங்களே எடுங்கள். அவர் மனதில் ஓடுவது அது ஒன்றுதான். "இசிஜி நார்மல்" என்பது அவர் கேட்காத கேள்விக்குப் பதில்.

நிறைய பேர் எல்லா "தெரியல"யையும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கோளாறாகப் படுகிறது. உங்கள் ஆட்டு வியாபாரி ஒரு வகை. காரணம் தெரியாது, ஆனால் ஆபத்து குறைவு என்று தைரியமாகச் சொல்லலாம். நெதர்லாந்தில் 2008-ல் வந்த ஹார்ட் ஸ்கோரை (நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு இதய ஆபத்து எவ்வளவு என்று மார்க் போட்டுப் பார்க்கும் கணக்கு) போட்டுப் பாருங்கள். வலியின் தன்மை ஓரளவு சந்தேகத்துக்குரியது, 1. இசிஜி 0. வயது 45-க்கும் 64-க்கும் நடுவில், 1. சுகரும் பீடியும் சேர்த்து 1. ட்ரோபோனின் 0. மொத்தம் 3. பூஜ்யத்திலிருந்து 3 வரை குறைந்த ஆபத்து. அடுத்த ஆறு வாரத்தில் பெரிய இதயப் பிரச்சினை வருவது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் கீழே. அதை அப்படியே சொல்லலாம்: "உங்களை மாதிரி நூறு பேர் வந்தா தொண்ணூத்தெட்டு பேருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. அந்த ரெண்டு பேர்ல நீங்க இல்லைன்னு உறுதி பண்ணத்தான் கார்டியாலஜி ஓபி." சதவீதம் சொல்லாதீர்கள், ஆள் கணக்கு சொல்லுங்கள். சந்தைக்காரருக்கு நூறில் இரண்டு என்றால் என்ன என்று நமக்கு மேலேயே தெரியும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆஸ்பத்திரி ஆட்கள் இதையே நூறு மனித உருவம் போட்ட ஒரு தாளாக அச்சடித்து, நோயாளியும் டாக்டரும் சேர்ந்து பார்த்து முடிவெடுக்கச் செய்தார்கள். 2016-ல் வந்த ஆய்வு, ஆறு எமர்ஜென்சிகள், கிட்டத்தட்ட 900 பேர். தாளைப் பார்த்துப் பேசியவர்களில் 37 சதவீதம் பேர்தான் மேல் சோதனைக்காக அப்சர்வேஷனில் தங்கினார்கள். வழக்கமான பேச்சில் 52 சதவீதம். அந்தத் தாளால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பயந்து ஆஞ்சியோவுக்கு ஓடுவார்கள் என்ற ஆர்த்தோ தம்பியின் பயத்துக்கு இதுதான் என் பதில். ஒழுங்காகச் சொன்னால் ஓட்டம் குறைகிறது.

இரண்டாவது வகை வேறு. அங்கே விஷயம் "இன்னும் நேரம் ஆகவில்லை" என்பது. தொப்புளைச் சுற்றி வலி, பசி இல்லை, ஒரு வாந்தி என்று ஒரு பையன் வருகிறான். ரத்தத்தில் வெள்ளணு கவுன்ட் நார்மல். ஸ்கேன் ரிப்போர்ட்டில் குடல்வால் தென்படவில்லை என்று இருக்கும். தென்படவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, வாயு மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். அல்லது காய்ச்சல் இரண்டாம் நாள், டெங்குவுக்கான என்எஸ்1 டெஸ்ட் நெகட்டிவ், பிளேட்லெட் நன்றாக இருக்கிறது. இவர்களிடம் போய் "பயப்பட ஒண்ணுமில்ல, தொந்தரவு இருந்தா வாங்க" என்று சொல்லவே கூடாது. தொந்தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வர வேண்டிய நாளும் நேரமும் சொல்லி அனுப்ப வேண்டும். பையனுக்கு மறுநாள் காலை. காய்ச்சலுக்குத் தினமும் ஒரு தடவை ரத்தம். டெங்குவில் ஒன்றை மட்டும் நான் மூன்று தடவை சொல்வேன்: காய்ச்சல் விட்ட நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில், சூடு இறங்குகிற அந்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ஆள் சாய்வது. நம் ஜனங்கள் சூடு விட்டதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ரசம் சாதம் போட்டு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறில் ரத்தம், ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகவில்லை, பிள்ளை சுருண்டு சுருண்டு படுக்கிறது, இதில் எது வந்தாலும் சூடு இல்லை என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு வரணும்.

மூன்றாவது, நம்மிடம் அந்தச் சோதனையே இல்லை. அதை மறைக்காமல் சொல்லி, இருக்கிற இடத்துக்கு எழுதிக் கொடுங்கள். க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ மதுரை பெரியாஸ்பத்திரியோ, எந்தக் கட்டடம், எந்த ஓபி, என்ன கிழமை என்பது வரை. கௌரவம் பார்க்க இதில் ஒன்றுமில்லை.

யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் பிலடெல்ஃபியா, சிகாகோ பக்கம் இதையே வேலையாக எடுத்துச் செய்த ஒரு குழு 2020-ல் 21 அம்சம் கொண்ட ஒரு பட்டியல் வெளியிட்டது, நோய் உறுதியாகாமல் எமர்ஜென்சியிலிருந்து போகிறவர்களிடம் என்னென்ன பேச வேண்டும் என்று. அங்கேயே வீட்டுக்குப் போகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் "நெஞ்சு வலி", "வயிற்று வலி" என்ற பெயரோடுதான் போகிறார்கள். இது உங்கள் ஆஸ்பத்திரியின் குறை இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு 21 அம்சத்தையும் பேசு என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் அதில் இரண்டு நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கிறது. ஒன்று, இந்தப் பேச்சில் வேறு யாரையாவது சேர்க்க வேண்டுமா, ஃபோனிலாவது, என்று கேட்பது. நம் வீடுகளில் முடிவெடுக்கிற ஆள் படுக்கையில் இருப்பதில்லை, பக்கத்திலும் நிற்பதில்லை. திருப்பூரிலோ சவுதியிலோ இருப்பார். ஸ்பீக்கரில் போட்டு அவரிடமும் சொல்லுங்கள். இரண்டு, "வேற ஏதாவது செய்வாங்கன்னு நெனச்சு வந்தீங்களா?" என்று கேட்பது. பாதி கோபம் குளுக்கோஸ் ஏற்றாததில் இருக்கும், நமக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு விஷயம், இதை எந்தப் பட்டியலிலும் பார்க்கவில்லை. திரும்ப வர முடியாதவரை "வலி வந்தா வாங்க" என்று அனுப்பாதீர்கள். மலையடிவாரத்தில் தனியாக இருக்கிற கிழவி, கடைசி பஸ் போய்விட்டது, ஃபோனில் சார்ஜ் இல்லை. ஸ்கோர் என்ன சொன்னாலும் அவரை விடியும் வரை ஒரு கட்டிலில் படுக்க வைப்பேன். மேனேஜர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஆர்த்தோ_பிஜி:

சார், முதல்லயே சொல்றது நல்ல ஐடியாதான், ஒத்துக்கறேன். ஆனா நான் பாக்கற இடத்துல ஒரே நேரத்துல ரெண்டு ஆக்ஸிடென்ட், ஒரு பாய்சன் கேஸ் வந்து நிக்கும். சொல்ல ஆள் எங்க?

பழைய_சிஎம்ஓ:

அந்த நேரத்தில் எதையும் சொல்ல முடியாதுதான் தம்பி. அப்போது சிஸ்டர் சொல்லட்டும், நீங்கள் போகும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். பொய்ப் பெயர் எழுதவும் அதே ஒரு நிமிடம்தான் ஆகிறது.

பனியன்கம்பெனி:

டாக்டருங்க பேசற இடத்துல நான் நுழையறதுக்கு மன்னிக்கணும். தேடும்போது இந்தப் பக்கம் வந்துச்சு. சார் சொன்ன அந்த திருப்பூர் ஆள் நான்தான்!

ஊர்ல அம்மாவும் தம்பியும் மட்டும். தம்பிக்குப் பதினேழு. ஒரு ராத்திரி வயித்து வலின்னு அம்மா ஃபோன் பண்ணாங்க. பக்கத்துல ஒரு கிளினிக்ல ஊசி போட்டு அல்சர்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வலி விடல. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அங்க ஒரு லேடி டாக்டர் அம்மாகிட்ட ஃபோனை வாங்கி என்கிட்ட பேசினாங்க. "அண்ணனா? சொல்றதைக் கொஞ்சம் எழுதிக்கங்க. உடனே ஆபரேஷன் பண்ற மாதிரி இப்ப எதுவும் இல்ல. குடல்வால் வீக்கமா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். ஸ்கேன்ல அந்த இடம் தெரியல. இன்னும் சில மணி நேரம் போனாத்தான் புரியும். காலைல ஒன்பது மணிக்கு வலி இருந்தாலும் இல்லாட்டியும் வரணும். ராத்திரில வலி வலதுபக்கம் அடிவயித்துக்கு எறங்குனா ஒன்பது வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு. என்னங்க இது, ரெண்டாயிரம் ரூபா ஸ்கேன் எடுத்துட்டு இருக்கலாம் இல்லாம இருக்கலாம்னா? ஆனா ஃபோனை வச்சதுக்கப்புறம் யோசிச்சேன். என்ன பண்ணணும்னு எனக்குத் தெளிவாத் தெரிஞ்சிருந்துச்சு. பக்கத்து வீட்டு மாமாவுக்குப் ஃபோன் போட்டு ஆட்டோ சொல்லி வச்சேன். தம்பியை ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் எழுப்பி எங்க வலிக்குதுன்னு கேட்டேன். அல்சர்னு சொல்லியிருந்தா மாத்திரை போட்டானான்னு மட்டும் கேட்டுட்டுத் தூங்கியிருப்பேன்.

காலைல வலி சுத்தமா இல்ல. இருந்தாலும் போனாங்க. வயித்தை அழுத்திப் பாத்துட்டு, துள்ளிக் குதிக்கச் சொல்லிப் பாத்துட்டு, வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. என்ன வலின்னு இன்னிவரைக்கும் தெரியாது. பரவால்லைங்க.

ஒரே ஒரு கேள்வி மட்டும் உங்க எல்லார்கிட்டயும். "காலைல திரும்ப வாங்க"ன்னு சொல்றீங்கல்ல, அதுக்கு மறுபடி ஓபி சீட்டுக்குக் காசு வாங்குவீங்களா மாட்டீங்களா? அதைச் சொல்லி அனுப்புங்க. எங்க அம்மா அன்னிக்குக் காலைல போகவே வேண்டாம்னாங்க. வலிதான் இல்லையே, எதுக்கு இன்னொரு முந்நூறுன்னு. நான் சத்தம் போட்டுத்தான் அனுப்பினேன். அங்க போனா, அது ரிவ்யூதான், காசு வேண்டாம்னுட்டாங்க. ராத்திரியே அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா எனக்கும் அம்மாவுக்கும் சண்டையே இல்ல.

வார்டு_சிஸ்டர்:

தம்பி கேட்டதுதான் மெயின் பாயின்ட். வராதவங்கள்ல நிறைய பேரு காசுக்குப் பயந்துதான் வர்றதில்ல. மறந்து போயி இல்ல.

நைட்ட்யூட்டி:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத லேட் ஆயிடுச்சு, தொடர்ந்து நைட்.

முதல் ரத்தம் எடுக்கும்போதே சொல்றதை ஆரம்பிச்சிருக்கேன். நேத்து நெஞ்சு எரிச்சல்னு வந்த ஒரு அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப ஹார்ட் அட்டாக் இல்லைன்னா விட்ருவீங்களா, போதும் தாயி"ன்னாங்க. அட்டெண்டரா வந்த மருமகளையும் பக்கத்துல உக்கார வச்சுத்தான் பேசினேன், அந்தப் பொண்ணு ஃபோன்ல ரெக்கார்டே பண்ணிக்கிச்சு. முதல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, அப்புறம் இது நல்லதுதானேன்னு விட்டுட்டேன்.

மேனேஜ்மென்ட்ல பேசினேன். கேஷுவாலிட்டில பாத்தவங்க மறுநாள் ரிவ்யூவுக்கு வந்தா டாக்டர் ஃபீஸ் வேண்டாம்னு ஒத்துக்கிட்டாங்க. ரத்தம், ஸ்கேன் எடுத்தா அதுக்கு உண்டு. வயித்து வலிக்குன்னு சீட்டுக்குப் பின்பக்கம் சீல் மாதிரி அடிக்க ஒண்ணு எழுதியிருக்கேன், தப்பு இருந்தா சொல்லுங்க:

"உங்கள் வயிற்று வலிக்கு ரத்தம், சிறுநீர், ஸ்கேன் பார்த்தோம். இப்போது உடனே ஆபரேஷன் செய்ய வேண்டியது எதுவும் தெரியவில்லை. வலிக்கு என்ன காரணம் என்று இன்னும் தெரியவில்லை. சில நோய்கள் முதல் நாளில் தெரியாது. அதனால் நாளை காலை ….. மணிக்கு வலி இல்லாவிட்டாலும் வந்து காட்டுங்கள். டாக்டர் ஃபீஸ் கிடையாது. வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினாலோ, நடந்தால், இருமினால் வயிறு சுண்டி இழுத்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, வயிறு உப்பிக் காற்று பிரியாவிட்டாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, காலை வரை காத்திருக்காமல் உடனே வாருங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108. வலி மாத்திரை எதுவும் போடக் கூடாது, நோய் மறைந்துவிடும். சந்தேகம் இருந்தால் கூப்பிட வேண்டிய எண்: ….."

பழைய_சிஎம்ஓ:

நன்றாக இருக்கிறது. வலி மாத்திரை வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். வலிக்கு மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்பது எங்கள் காலத்துச் சர்ஜன்களின் பயம். வலியைக் குறைத்துவிட்டுப் பார்த்தாலும் முடிவு கெட்டுப்போவதில்லை என்று பிறகு ஆய்வுகள் சொல்லிவிட்டன. ராத்திரி முழுவதும் ஆளைத் துடிக்க விடுவானேன்? "டாக்டர் எழுதிய பாரசிட்டமால் போடலாம். போட்டும் தாங்க முடியாத வலி என்றால் உடனே வரவும்" என்று மாற்றுங்கள். வயதுக்கு வந்த பெண்களுக்கு யூபிடி (சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை) பார்க்காமல் இந்த சீலை அடிக்காதீர்கள், அது வேறு கதை.

வார்டு_சிஸ்டர்:

மேடம், அந்த நம்பர் எடத்துல ரிசப்ஷன் நம்பரைப் போட்டுடாதீங்க. எங்க ஆஸ்பத்திரில அப்படித்தான் அச்சடிச்சாங்க, ராத்திரி ஒன்பதுக்கு மேல அதை எடுக்க ஆளே கிடையாது. கேஷுவாலிட்டி டேபிள்ல இருக்கற ஃபோன் நம்பரைப் போடுங்க. முதல்ல நீங்களே வெளிய இருந்து ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, எங்கள்து ரெண்டு மாசம் ரீசார்ஜ் பண்ணாம கெடந்துச்சு.